பொறவாசலா, தெருவாசலா?

போன ஐப்பசியில் நடந்தது. காலை ஏழு மணி இருக்கும். ராத்திரி பெய்த மழையில் தெருவெல்லாம் சேறு. நான் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "என்னங்க, இங்க வாங்க" என்று வீட்டுக்காரம்மா கூப்பிட்டது நன்றாகவே கேட்டது. அப்போது காதில் மெஷின் மாட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. எழுந்து தெருவுக்குப் போனேன். ஆளைக் காணோம். மறுபடியும் "என்னங்க" என்றாள். எதிர்வீட்டுப் பக்கம் என்று பட்டது. அங்கே போய் எட்டிப் பார்த்தேன். அங்கேயும் இல்லை. சத்தம் மட்டும் வருகிறது. எதிர்வீட்டுப் பையன்தான் ஓடிவந்து, "தாத்தா, பாட்டி உங்க வீட்டுப் பொறவாசல்ல கத்துறாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்து கிடந்தாள். மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஒரு மாதத்துக்கும் மேலாக மாவுக்கட்டு. அதெல்லாம் இப்போது ஆறிவிட்டது. ஆனால் அன்று ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோவில் அவள் கேட்ட கேள்வி இன்னும் ஆறவில்லை. "காது கேக்குது, கேக்குதுன்னு சொன்னீங்களே?"

கேட்டதே! கேட்டுத்தானே எழுந்தேன். எழுந்தவன் நேர் எதிர்த் திசைக்குப் போனேன்.

நான் தொலைபேசித் துறையில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தவன். கம்பத்தில் ஏறி, ரிசீவரைக் காதில் வைத்து, "ஹலோ, லைன் டெஸ்ட்டிங்" என்று சொல்லியே பாதி ஆயுள் போனது. சத்தத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற நினைப்பு கொஞ்சம் உண்டு. அந்த நினைப்பு அன்று விழுந்தது. சத்தம் கேட்பது ஒரு காரியம், அது எங்கிருந்து வருகிறது என்று தெரிவது இன்னொரு காரியம் என்பதை எழுபத்து மூன்று வயதில்தான் படித்தேன். என்னைப் போன்றவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பதால் படித்ததை எழுதுகிறேன். என் கட்சியையும் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு காதால் கேட்கலாம். திசை அறிய இரண்டு வேண்டும். வலது பக்கத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டால் சத்தம் வலது காதுக்கு முதலில் வந்து, தலையைச் சுற்றிக்கொண்டு இடது காதுக்குக் கொஞ்சம் பிந்திப் போகிறது. எவ்வளவு பிந்தி? நேர் பக்கவாட்டிலிருந்து வந்தால், ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்து அதில் ஒரு பங்கை எடுத்து, அந்தப் பங்கிலும் முக்காலுக்குக் குறைவு. அவ்வளவுதான் அதிகபட்சமே. அதற்கும் கீழே, நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு அளவு வித்தியாசத்தைக்கூட மூளை கண்டுபிடித்துவிடுமாம். ஒரு எக்ஸ்சேஞ்ச் முழுக்க மெஷின் வைத்திருந்த எங்களுக்கு இது பெரிய வெட்கம்.

இன்னொன்று தலையின் நிழல். வெயிலுக்கு மரம் நிழல் தருகிற மாதிரி, கீச்சென்ற சத்தத்துக்குத் தலை நிழல் தருகிறது. அந்தப் பக்கத்துக் காதுக்குச் சத்தம் மங்கிப்போய்த்தான் போய்ச் சேரும். கனமான சத்தம், உதாரணத்துக்கு உருமி மாதிரி, தலையை வளைத்துக்கொண்டு போய்விடும். அதற்கு நிழல் விழாது. ஆக, கனத்த சத்தத்துக்கு நேர வித்தியாசம், கீச்சுச் சத்தத்துக்கு அளவு வித்தியாசம் என்று மூளை இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. 1907இல் இதை எழுதி வைத்தவர் ராலே பிரபு. அதற்கு மூன்று வருடம் முன்னால் வேறு ஒரு கண்டுபிடிப்புக்காக, ஆர்கான் வாயுவுக்காக, நோபல் பரிசு வாங்கியவர்.

அந்த மனிதர் இதற்கு முப்பது வருடம் முன்பே செய்த ஒரு சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய கருவி ஒன்றும் இல்லை. வீட்டுப் புல்வெளியில் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் நின்றார். சுற்றி ஆட்களை நிறுத்திப் பேசச் சொன்னார். யார் எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்லிவிட்டார். அடுத்து, பேச்சுக்குப் பதில் இசைக்கவையைத் தட்டச் சொன்னார். ஒரே சுருதி, கலப்பில்லாத சத்தம். இடமா வலமா என்று சொல்ல முடிந்தது. முன்னாலா பின்னாலா என்று சொல்ல முடியவில்லை.

யோசித்துப் பாருங்கள். மூக்குக்கு நேர் முன்னால் இருந்து வந்தாலும், பிடரிக்கு நேர் பின்னால் இருந்து வந்தாலும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும். நேரத்திலும் வித்தியாசம் இல்லை, அளவிலும் இல்லை. அப்புறம் எப்படி நமக்குத் தெரிகிறது? இங்கேதான் காது மடல் வருகிறது. மடலில் இருக்கும் மேடும் பள்ளமும் மடிப்பும் வெறும் அழகுக்கு என்று நான் நினைத்திருந்தேன். முன்னால் இருந்து வரும் சத்தம் அந்தப் பள்ளங்களில் ஒரு விதமாகப் பட்டுத் திரும்பி உள்ளே போகிறது, பின்னால் இருந்து வருவது வேறு விதமாக. மேலே இருந்து வருவது இன்னொரு விதம். கீச்சுச் சத்தங்களில் சிலது தூக்கலாகும், சிலது அமுங்கும். அந்த மாற்றத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு மூளை பாடமாக்கி வைத்திருக்கிறது.

பாம்படம் போட்டுத் தோளில் காது தொங்கிய எங்கள் அப்பத்தாவுக்கு இந்தக் கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். தொங்குவது கீழ்மடல்தான். திசை சொல்லும் மேடு பள்ளம் மேலே, துளையைச் சுற்றி இருக்கிறது. அதனால்தான் கிழவிக்கு மாட்டுக் கொட்டடியில் எலி ஓடினாலும் எந்த மூலை என்று தெரிந்தது போலும். இன்னொரு வேடிக்கை. 1995இல் இங்கிலாந்தில் சில டாக்டர்கள் தங்களிடம் வந்த 206 பேருடைய காதை அளந்து பார்த்தார்கள். வயது ஏற ஏறக் காதும் நீண்டுகொண்டே போகிறதாம், வருடத்துக்குச் சராசரி 0.22 மில்லிமீட்டர். மற்றதெல்லாம் சுருங்குகிற வயதில் இது ஒன்று வளர்கிறது!

மடல் தரும் இந்தச் செய்தி பெரும்பாலும் நொடிக்கு நாலாயிரம், ஐயாயிரம் அதிர்வுக்கு மேலே உள்ள கீச்சுச் சத்தத்தில்தான் இருக்கிறது. எங்கள் பழைய டெலிபோன் லைனில் 300லிருந்து 3400 வரைக்கும்தான் போகும். பேச்சுப் புரிய அது போதும் என்று வைத்த அளவு. புரியும், ஆனால் பேசுகிறவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று ஒரு நாளும் தெரியாது. வயதானால் காதில் முதலில் போவதும் இந்த மேல்ப் பகுதிதான். ஆக முதுமை என்பது காதை ஒரு டெலிபோன் லைன் ஆக்கிவிடுகிறது. இதை முப்பத்து நாலு வருடம் அந்த லைனில் வேலை பார்த்தவனே சொல்கிறேன்.

அதே டெலிபோனை வைத்தே 1881இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் ஒருவர் அதிசயம் காட்டியிருக்கிறார். கிளெமான் அதேர் என்று பெயர். நாடக மேடையின் முன்னால் வரிசையாக மைக்குகளை வைத்து, கேட்பவருக்கு ஆளுக்கு இரண்டு ரிசீவர் கொடுத்தார். வலது காதுக்கு ஒன்று, இடது காதுக்கு ஒன்று. பாடுகிறவர் மேடையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடப்பது தூரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் காதிலேயே தெரிந்தது. ஒரு ரிசீவரைக் கீழே வைத்தால் எல்லாம் போயிற்று. 1881லேயே தெரிந்த விஷயம்!

என் கதைக்கு வருகிறேன். எனக்கு இரண்டு காதும் மந்தம். மெஷின் வாங்கப் போன கடையில், "வயசானவங்களுக்கு ஒன்னு போதும் சார்" என்றார்கள். எனக்கும் பாதிப் பணம் மிச்சம் என்று சந்தோஷம். அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வலது காதில் ஒன்று மாட்டிக்கொண்டு வந்தேன். உலகத்துச் சத்தமெல்லாம் வலது பக்கமே வந்தது. இடதில் வண்டி வந்தாலும் வலதில் ஹாரன். தெருவுக்கும் எதிர்வீட்டுக்கும் அன்று ஏன் ஓடினேன் என்றால், திண்ணையில் நான் உட்கார்ந்திருந்த வாக்கில் என் வலது கை தெருப்பக்கம் இருந்தது.

பொங்கலுக்குப் பேரன் வந்திருந்தபோது ராலே பிரபுவின் சோதனையை எங்கள் களத்தில் செய்தோம். நடுவில் ஸ்டூல் போட்டு, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். தெருப்பிள்ளைகள் எட்டுப் பேர் எட்டுத் திசையில் நின்று, பேரன் கைகாட்டினால் ஒருவர் மட்டும் கை தட்டுவது. நான் கையை நீட்டிக் காட்ட வேண்டும். பாதிக்கு மேல் தவறு. பிள்ளைகள் சிரித்த சிரிப்பு மட்டும் எல்லாத் திசையிலிருந்தும் கேட்டது. அடுத்துப் பேரன் உட்கார்ந்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்கள் பரளச்சிப் பக்கம் கரிசல் வெட்டவெளி. சத்தம் மோதித் திரும்ப மலையும் இல்லை, மாடிக் கட்டடமும் அதிகம் இல்லை. காற்று இல்லாத நேரம் பார்த்தால் இதற்கென்றே செய்த இடம்.

அவன் பொறியியல் படிக்கிறான். அவன்தான் இந்த அளவெடுப்பைப் பற்றி முதலில் சொன்னான். எதிரொலி இல்லாத அறையில் ஒரு ஆளை உட்கார வைத்து, இரண்டு காதுத் துளையின் வாயிலும் குண்டூசித் தலை போன்ற மைக்கை வைத்து, சுற்றிலும் மேலும் கீழும் ஒவ்வொரு திசையிலிருந்தும் ஒரு சத்தத்தை விடுகிறார்கள். விட்ட சத்தம் எப்படி, காதுக்கு வந்து சேர்ந்த சத்தம் எப்படி என்று ஒப்பிட்டால், அந்த ஆளின் தலையும் மடலும் தோளும் சத்தத்தை என்ன செய்கின்றன என்று கணக்கு வந்துவிடும். ஹெச்.ஆர்.டி.எஃப். என்று நாலெழுத்துப் பெயர். அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2001இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். ஆளுக்கு 1250 திசை வீதம் 45 தலைகள். அந்த நாற்பத்தைந்தில் இரண்டு, ஒரு பொம்மையின் தலைதான், சின்னக் காது மாட்டி ஒன்று, பெரிய காது மாட்டி ஒன்று.

கெமார் என்று அந்தப் பொம்மைக்குப் பெயர். 1972இல் நோல்ஸ் என்ற கம்பெனி செவிக்கருவிகளைச் சோதிக்கவே செய்தது. சராசரி மனிதனின் தலை, கழுத்து, தோள் அளவு. காதைக் கழற்றி மாற்றலாம். பெரிய காது ஐரோப்பிய, அமெரிக்க ஆண்களுக்கு. சின்னக் காது அந்த ஊர்ப் பெண்களுக்கும் ஜப்பானியருக்கும் என்று பிரித்திருக்கிறார்கள். இப்படி ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் காது வேறு என்று செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

பேரன் தன் போனில் ஒரு சத்தத்தைப் போட்டு இயர்போனைக் கொடுத்தான். தலையைச் சுற்றித் தேனீ பறக்கிறதாம். அவனுக்குப் பறந்தது. எனக்கு மண்டைக்குள்ளேயே ரீங்காரம், அதுவும் வலது பக்கம். என் காது மந்தம், அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சத்தம் யாரோ ஒருவருடைய காது அளவுக்குச் செய்தது. நாசா ஆய்வுக்கூடத்தில் எலிசபெத் வென்ஸெல் என்ற அம்மையாரின் குழு 1993இல் இதைச் சோதித்தது. இன்னொருவர் காதில் எடுத்த அளவைப் போட்டுக் கேட்க வைத்தால், இடம் வலம் ஓரளவு சரியாக வருகிறது. முன்னால் பின்னால், மேலே கீழே என்பதில்தான் குழப்பம் கூடுகிறது. மற்றவர் செருப்பைப் போட்டு நடக்கலாம், கடிக்கும்.

மாசியில் இடது காதுக்கும் ஒரு மெஷின் வாங்கினேன். முதல் பத்து நாள் தலைவலிதான். ஏன் வாங்கினோம் என்று இருந்தது. அப்போது படித்த ஒரு விஷயம் தைரியம் கொடுத்தது. நெதர்லாந்தில் 1998இல் வெளிவந்த ஆய்வு. நாலு பேருடைய காது மடலின் பள்ளத்தில் அச்சு வைத்து அடைத்து, காதின் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். துளையை அடைக்கவில்லை. உடனே அவர்களுக்கு மேலே கீழே தெரியாமல் போய்விட்டது. அச்சைக் கழற்றாமல் நடமாட விட்டார்கள். சில வாரங்களில், ஆறு வாரத்துக்குள், புதுக் காதுக்கு ஏற்ற மாதிரி மூளை திரும்பப் படித்துக்கொண்டது. அதைவிட ஆச்சரியம், அச்சைக் கழற்றியதும் பழைய காதும் உடனே வேலை செய்தது. பழைய பாடம் அழியவில்லை. அவர்கள் வயது குறைந்தவர்கள், நான் கிழவன். இருந்தாலும் மாட்டிக்கொண்டே இருந்தேன்.

சித்திரையில் களத்தில் மறுபடியும் சோதனை. இடம் வலம் அநேகமாகத் தப்பவில்லை. முன்னா பின்னா என்பதில் இன்னும் தடுமாற்றம்தான். காரணம் சுலபம். இந்த மெஷினின் மைக் காது மடலுக்கு மேலே, பின்னால் உட்கார்ந்திருக்கிறது. மடலின் மேடு பள்ளத்தைச் சத்தம் தொடுவதற்கு முன்பே அது பிடித்துவிடுகிறது. துளைக்குள்ளேயே வைக்கும் சின்ன வகையில் இது கொஞ்சம் பரவாயில்லை என்கிறார்கள், ஆனால் எல்லா மந்தத்துக்கும் அது ஆகாது. நான் இப்போது ஒரு உபாயம் வைத்திருக்கிறேன். சத்தம் கேட்டதும் ஓடுவதில்லை. நின்று, தலையை மெல்ல ஒரு பக்கம் திருப்புகிறேன். முன்னால் இருக்கும் சத்தம் ஒரு மாதிரி நகரும், பின்னால் இருப்பது எதிர்மாதிரி நகரும். காதை ஆட்ட முடிகிற ஆடு மாடு காதைத் திருப்புகிறது, நாம் கழுத்தைத் திருப்ப வேண்டியதுதான்.

ஆடு என்றதும் ஒன்று நினைவு வருகிறது. எங்கள் பக்கம் கிடை போட வரும் கீதாரி ஒருவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். சீமைக்கருவேல முள்ளுக்குள் ஆடு போனால் கண்ணுக்குத் தெரியாது. கழுத்து மணியை வைத்துத்தான் பிடிப்பார். ராத்திரி நாய் குரைத்தால் படுத்தபடியே, "மேகாட்டுலதான் குலைக்குது, நரி இல்ல" என்பார். போன வருடம் பார்த்தபோது, "இப்பல்லாம் மணி கேக்குதுண்ணே, எங்கன்னுதான் தெரியல, பயலை அனுப்பித்தான் பாக்குறேன்" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை. வயசாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவருக்குத் திசை என்பது பிழைப்பு.

இனி என் கட்சி. காது சோதனைக்குப் போனால் என்ன செய்கிறார்கள்? ஹெட்போனை மாட்டி, ஒவ்வொரு காதாக "கீ" என்று மெல்லிய சத்தம் விட்டு, கேட்டால் கையைத் தூக்கு என்கிறார்கள். அது தேவையான சோதனைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு மெல்லிசாகக் கேட்கிறது என்பதுதான் அதில் தெரியும். எங்கிருந்து என்று தெரிகிறதா என ஒருவரும் கேட்டதில்லை. நாலு மூலையில் நாலு ஸ்பீக்கர் வைத்து ஐந்து நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவும் இல்லாவிட்டால் நாலு பேர் நின்று கை தட்டினால் போதும், எங்கள் களத்தில் செய்தது போல. மெஷின் மாட்டிய பிறகும் ஒரு தடவை செய்ய வேண்டும்.

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள மூத்த குடிமக்களுக்குக் கைத்தடி, மூக்குக்கண்ணாடி, பல்செட் எல்லாம் இலவசமாகக் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டம் 2017இல் வந்தது, ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா என்று பெயர். செவிக்கருவியும் அதில் உண்டு. எந்த முகாமாக இருந்தாலும், இரண்டு காதும் போனவருக்கு இரண்டு கருவி என்பதுதான் முறையாக இருக்க வேண்டும். கண்ணாடி கொடுக்கும்போது ஒரு கண்ணுக்கு மட்டும் கொடுக்கிறோமா?

"ஒன்னே கிடைக்காதவன் எத்தனை பேர், நீ ரெண்டு கேக்குறியே" என்று கூடவே வேலை பார்த்த நண்பர் ஒருவர் சண்டைக்கு வந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாலு பேருக்கு நாலு மெஷின் இருந்தால் ஆளுக்கு ஒன்று கொடுப்பதா, இரண்டு பேருக்கு இரண்டு இரண்டு கொடுப்பதா? ஆளுக்கு ஒன்று என்றுதான் நானும் சொல்லுவேன். ஆனால் ஒன்று கொடுப்பது கையில் இருப்பது அவ்வளவுதான் என்பதால் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். "வயசானவங்களுக்கு ஒன்னு போதும்" என்று சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னால் வாங்க வசதி உள்ளவனும் வாங்க மாட்டான், நான் வாங்காமல் இருந்தது போல. இரண்டு காதிலும் மந்தம் வெவ்வேறு அளவில் இருந்து, இரண்டு மாட்டினால் பேச்சுக் குழம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்றுதான் சரி. அதையும் சோதித்துத்தானே சொல்ல வேண்டும்?

நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. மைசூரில் 1965இல் ஏற்படுத்திய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில் திசையறிவதைப் பற்றி மாணவர்கள் ஆய்வு செய்கிறார்கள். கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் இந்தத் தலைக்கணக்கில் வேலை நடந்திருக்கிறது. எனக்கு ஒரு ஆசை. இப்படி அளவெடுக்கிறவர்கள் கைக்குக் கிடைத்த கல்லூரிப் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளாமல் எழுபது வயதுக் காதுகளையும், தலைப்பாகை கட்டிய தலைகளையும் அளக்க வேண்டும். கீதாரி மாதிரி ஆட்கள் அறுபது வருடம் காதை வைத்தே பிழைத்தவர்கள். அவர்களிடம் அளக்க நிறைய இருக்கும்.

வீட்டில் இப்போது ஒரு ஏற்பாடு. "இங்க வாங்க" என்ற வார்த்தையை நிறுத்தியாயிற்று. என் மாதிரி ஆளுக்கு "இங்க" என்பதில் ஒரு தகவலும் இல்லை. "என்னங்க, பொறவாசல்ல இருக்கேன்", "என்னங்க, அடுப்படி" என்று இடத்தைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். நேற்றுச் சாயங்காலம் எதிர்வீட்டு அம்மா தன் மாமனாரைக் கூப்பிட்ட சத்தம் கேட்டது. "மாமா, மொட்டமாடில இருக்கேன்" என்றார்.

அந்தப் பெரியவர் தலையைத் தூக்கி மேலே பார்த்ததை நான் திண்ணையில் இருந்தபடியே பார்த்தேன்.